கண்ணில் படாத தையல்

பெருநாளுக்கு ஆசையாய்த் தைத்த மகளின் பாவாடை, மறு ஆண்டே கணுக்காலுக்கு மேல் ஏறிவிடுகிறது. புதிது எடுக்க எல்லா ஆண்டும் கை இடம் கொடுப்பதில்லை. அடிமடிப்பைப் பிரித்து இறக்கினாலோ, இயந்திரத் தையலின் துளைகள் வரிசையாய்ப் பல்லிளிக்கின்றன. சகோதரிகளே, இதற்குத் தீர்வு ஹெம்மிங் எனும் கைத்தையலே.

துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்துங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். தைக்கும்போது ஓரத்தைச் சிறிதளவும், பின்னர் 5 சென்டிமீட்டரும் உட்புறம் மடித்து இஸ்திரி போடுங்கள். மெல்லிய ஊசியில் துணியின் நிறத்திலேயே ஒற்றை நூல் கோருங்கள். அந்நிறம் கிடைக்காவிடில் சற்று அடர்ந்த நிறம் நன்று.

முடிச்சை மடிப்புக்குள் மறைத்து, மேல்துணியில் ஓரிரு இழைகளை மட்டும் ஊசிமுனையால் எடுங்கள். பிறகு மடிப்பின் விளிம்புக்குள்ளேயே 1 சென்டிமீட்டர் தூரம் ஊசியை ஓட்டி வெளியே வாங்குங்கள். மீண்டும் இழை, மீண்டும் மடிப்பு. நூலை இறுக்காதீர்கள், இறுக்கினால் வெளிப்புறம் குழி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

பொறுமையைக் கேட்கும் வேலைதான். ஆயினும் மறு ஆண்டு நூலை அறுத்து உருவினால் துளைத்தடம் தெரியாது. மடிப்புக் கோடும் ஈரத்துணி விரித்து இஸ்திரி போட்டால் பெரிதும் மங்கும். அதே பாவாடை, இன்ஷா அல்லாஹ், இன்னொரு பெருநாளையும் காணும்.