எழுத்து ஒன்றே, பொருள் வேறே!

ஓசூர்க் கடைவீதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து ஒலிக்கும். ஆனால் சிப்காட் ஆலைகளின் வாயிலைத் தாண்டினால் பெயர்ப்பலகை, சீட்டு எல்லாவற்றிலும் ஆங்கிலமே முன்நிற்கும். அந்த ஆங்கிலம் ஒருமுறை என் காலை வாரிவிட்டது.

கோடை விடுமுறையில் ஒரு பட்டறையில் இருப்புக் கணக்கு எழுதப் போனேன். 'ஆங்கிள்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'ஏஞ்சல்' என்று எழுதிவிட்டேன். கடைசி எழுத்துகளான எல், ஈ இரண்டும் இடம் மாறியதே பிழை. "தம்பி, தேவதை எத்தனை கிலோ?" என்றார் மேற்பார்வையாளர். பட்டறையே சிரித்தது.

அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். ஆங்கிள், 'மூலை' எனும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஏஞ்சல், 'தூதன்' எனும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஐந்து எழுத்தும் ஒன்றே. உறவோ துளியும் இல்லை.

'பிரேக்' இன்னும் பொல்லாதது. பி, ஆர், ஏ, கே, ஈ என்றால் வண்டியை நிறுத்தும் கருவி. பி, ஆர், ஈ, ஏ, கே என்றால் உடைதல் அல்லது இடைவேளை. ஒலியும் ஒன்றே ஆதலால் காது உதவாது. கண்தான் காக்க வேண்டும்.

மின்மாற்றி வேலியில் தொங்கும் 'டேஞ்சர்' பலகையின் ஆறு எழுத்துகளை மாற்றி அடுக்குங்கள், 'கார்டன்' வரும். ஒன்று உயிரைப் பறிக்கும் அபாயம். மற்றது நம் ஊர் ரோஜாத் தோட்டம்!

நண்பர்களே, சொல்லை அரைகுறையாய்ப் பார்த்து ஊகித்துப் படிப்பது தேர்வில் மதிப்பெண்ணை மட்டுமே குறைக்கும். ஆலையில் அது கையையே கேட்கும். நாளை அங்கே பணிக்குச் செல்லவிருக்கும் நாம், எழுத்தெழுத்தாய்ப் படிக்க இன்றே பழகுவோம்.