செவ்வாயில் மீத்தேன் இருக்கா, இல்லையா? லேசர் ஒளி கிளப்பிய புதிர்!

செவ்வாய் கிரகத்தில் உயிர் இருந்ததா? இந்தக் கேள்விக்குத் துப்பு தேடும் கருவிகளில் ஒன்று, நாசாவின் கியூரியாசிட்டி ரோவருக்குள் இருக்கும் சின்ன லேசர் கருவி. 2012 ஆகஸ்ட்டில் கேல் பள்ளத்தில் ரோவர் தரையிறங்கியது முதல், அது தேடும் முக்கிய வாயு மீத்தேன்.

மீத்தேன் ஏன் முக்கியம்?

மாட்டின் ஏப்பம், சதுப்பு நிலம், தண்ணீர் கட்டிய நெல் வயல் என பூமியில் பல இடங்களில் நுண்ணுயிர்கள்தான் மீத்தேனை உருவாக்குகின்றன. ஆனால், பாறையும் தண்ணீரும் வினைபுரிந்தாலும் மீத்தேன் வரும். அதனால் மீத்தேன் கிடைத்தாலே உயிர் இருக்குன்னு சொல்லிவிட முடியாது.

லேசர் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்த முறைக்குப் பெயர் டையோடு லேசர் ஸ்பெக்ட்ரோஸ்கோபி. ஒவ்வொரு வாயுவும் சில குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் விழுங்கும். அதுதான் அதன் கைரேகை. லேசருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் மாற்றினால், ஒளியின் அலைநீளமும் கொஞ்சம் நகரும். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரிதான். மீத்தேனுக்காக ரோவர் பயன்படுத்துவது 3.27 மைக்ரான் அகச்சிவப்பு ஒளி. அந்த இடத்தில் ஒளி எவ்வளவு மங்குகிறதோ, அதை வைத்து மீத்தேனின் அளவு கணக்கிடப்படும்.

காற்று இருக்கும் குழாயின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர்தான். ஆனால், இரு முனைக் கண்ணாடிகளிலும் பட்டுப் பட்டு ஒளி 81 முறை கடக்கிறது. மொத்தம் கிட்டத்தட்ட 17 மீட்டர் பயணம்! பூமியில் எரிவாயுக் கசிவு, தொழிற்சாலைப் புகை ஆகியவற்றைக் கண்காணிக்கவும் இதே முறைதான் உதவுகிறது.

என்ன கிடைத்தது?

2018-ல் வெளியான முடிவுகளின்படி, நூறு கோடி மூலக்கூறுகளுக்குச் சராசரியாக 0.41 மீத்தேன். பருவத்துக்குப் பருவம் அது கூடிக் குறைந்தது. 2019 ஜூனில் திடீரென 21-ஐத் தொட்டது. சில நாட்களில் மீண்டும் 1-க்குக் கீழே!

குழப்பம் எங்கே?

செவ்வாயைச் சுற்றிவரும் 'டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர்' விண்கலத்தின் முடிவுகளும் 2019-ல் வெளியாகின. அதன் கண்ணுக்கு மீத்தேனே சிக்கவில்லை. மேலும், செவ்வாய்க் காற்றில் மீத்தேன் அழிய சுமார் 300 ஆண்டுகள் ஆகும் என்பது கணக்கு. சில நாட்களில் அது எப்படிக் காணாமல் போகும்?

இரவில் தரையிலிருந்து கசிந்து, பகலில் காற்றோடு கலந்து நீர்த்துவிடலாம் என்பது ஒரு விளக்கம். மீத்தேன் ரோவரிலிருந்தே வருகிறதோ என்பது எதிர்த்தரப்பின் சந்தேகம். ரோவர் ஏவப்பட்ட புளோரிடாவின் காற்று, கருவியின் ஓர் அறைக்குள் தங்கியிருந்தது உண்மை. அதனால்தான் குழாயைக் காலியாக வைத்து ஒருமுறை, நிரப்பி ஒருமுறை அளந்து, வித்தியாசத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது ஆய்வுக்குழு.

வந்தது செவ்வாயின் மூச்சா, பூமியிலிருந்து போன காற்றா? இது உறுதியான பிறகுதான், 'அங்கே உயிர் உண்டா' என்ற அடுத்த கேள்விக்கே போக முடியும்.