சொராக்சான் போகுமுன் செரோக் தோக்குன் போவோம்

"படிப்பு முடிந்ததும் சொராக்சான் மலைக்குப் போகவேண்டும் சார்." கொரிய நாடகம் பார்க்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. சொக்சோ நகருக்கு அருகே 1,708 மீட்டர் உயரத்தில் நிற்கும் மலை அது. நல்ல ஆசைதான். அதற்கு முன் நம் சுங்கை பாக்காப்பைச் சுற்றியுள்ள மலைகளையும் பார்த்துவிடுங்கள் என்பேன்.

தீவில் உள்ள கொடிமலையும் தண்ணீர்மலையும் நாம் அறிந்தவை. நம் பக்கத்து மலைகளைத்தான் பலர் அறியவில்லை.

சிம்பாங் அம்பாட்டில் கொமியூட்டர் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் புக்கிட் மெர்தாஜாம். அங்குள்ள மலை சுமார் 545 மீட்டர் உயரம். அடிவாரமான செரோக் தோக்குனில், புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் எழுத்து பொறித்த பாறை ஒன்று இருக்கிறது. 1845இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைப் பதிவு செய்தார். பல்லவ எழுத்து வகையைச் சேர்ந்த அதற்கு ஏறக்குறைய 1,500 வயது என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் கப்பலேறி வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்திய எழுத்து இந்த மலையடிக்கு வந்துவிட்டது!

தெற்கே நிபோங் திபால் அருகில் புக்கிட் பஞ்சோர் மாநிலப் பூங்கா. காட்டுப் பாதையும் வௌவால் குகையும் உண்டு. வடக்கே கெடாவில் 1,217 மீட்டர் உயரக் குனோங் ஜெராய். அந்தக் காலத்துக் கப்பல்களுக்குக் கரை காட்டிய மலை அது. அதன் அடிவாரப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் கல் அடித்தளங்களை இன்றும் காணலாம். இராஜேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம் இந்தக் கெடாதான்.

அதே பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது. 2013இல் செய்தி வெளியானபோது கல்லெல்லாம் போய்விட்டிருந்தது. பார்க்க ஆளில்லாத இடம் காணாமல் போனால், தேடவும் ஆளிருக்காது. அதனால்தான் இளையோரைப் போகச் சொல்கிறேன்.

காலையிலேயே கிளம்புங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லிவிட்டு, நண்பர்களோடு போங்கள். பாறை எழுத்தைத் தொடாமல் படம் மட்டும் எடுங்கள். திரும்பியதும் அந்தப் படத்தைத் தம்பி தங்கையிடம் காட்டி, அதன் கதையைச் சொல்லுங்கள்.