புது ஸ்கேட்டிங் பூட்ஸில் விரல் ஏன் மரத்துப்போகிறது?

ஃபிகர் ஸ்கேட்டிங் பூட்ஸ் புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே பெரும்பாலும் இதைச் செய்வார்கள்: கால் சில்லிடுகிறதே என்று கனத்த காலுறையை மாட்டிக்கொள்வார்கள். மறுநாள் கால் இன்னும் சில்லிடும்.

ஃபிகர் ஸ்கேட்டிங் தளத்தின் மேற்பரப்பு சுமார் மைனஸ் 3, 4 டிகிரி செல்சியஸ். ஹாக்கிக்கு இதைவிடக் குளிராக, கடினமாக வைப்பார்கள். அந்தக் குளிர் எஃகு பிளேடு வழியாகக் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஆனால் இதே தளத்தில் பழைய பூட்ஸோடு ஒரு மணி நேரம் ஆடியபோது விரல்கள் நன்றாகத்தானே இருந்தன?

காலுக்குச் சூடு கொண்டுவருவது ரத்தம். பாதத்தின் மேல்புறம், சரியாக நாடா கட்டும் இடத்துக்குக் கீழே, ஒரு தமனி விரல்களை நோக்கி ஓடுகிறது. தொட்டுப் பார்த்தால் துடிப்பே தெரியும். புது பூட்ஸின் நாக்கு இன்னும் பாதத்துக்குப் படியாமல் அட்டை மாதிரி விறைத்திருக்கும். கணுக்கால் ஆடக் கூடாதே என்று அதன்மேல் நாடாவை முழுப் பலத்தோடு இழுத்தால் ரத்த ஓட்டம் குறைகிறது, விரல் மரத்துப்போகிறது. கனத்த காலுறை அந்த இறுக்கத்தைக் கூட்டுகிறது; சூட்டைத் தக்கவைக்கும் காற்றுக்கும் உள்ளே இடம் வைப்பதில்லை.

எனவே முதலில் பார்க்க வேண்டியது நாடா. குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்துவிட்டு, விரல் பக்கம் தளர்வாக விடுங்கள். பாதம் வளைகிற இடத்தில்தான் இறுக்கம் வேண்டும். மேலே கொக்கிகளில் முழங்காலை மடக்க முடிகிற அளவுக்குக் கட்டினால் போதும். இருபது நிமிடம் ஆடியபின் வெளியே வந்து அவிழ்த்து, விரல்களை அசைத்துவிட்டு மறுபடி கட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காலுறை மெல்லியதாக இருக்கட்டும். பருத்தி வேண்டாம்; வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், ஈரம் சூட்டை இழுத்துக்கொள்ளும். மெல்லிய கம்பளிக் கலப்பு நல்லது. தெருவில் நடந்துவந்த காலுறையோடு பூட்ஸுக்குள் நுழையாமல், அங்கேயே உலர்ந்த ஜோடிக்கு மாற்றுங்கள். குளிர்காலத்தில் பூட்ஸை இரவெல்லாம் கார் டிக்கியில் போட்டுவைத்தால் காலையில் ஐஸ் பெட்டிக்குள் கால் விட்டது போலத்தான் இருக்கும். சூடு தரும் சிறு பொட்டலங்களை விரலடியில் திணிப்பதை நான் ஒப்பமாட்டேன்: இருக்கிற இடமும் போய்விடும், மரத்த தோல் சுட்டாலும் தெரியாது.

நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி பூட்ஸின் முனையை லேசாகத் தொடலாம். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். விரல்கள் சுருண்டே கிடந்தால் அளவே தவறு. விற்றவரிடம் கொண்டுபோங்கள். ஓரிடத்தில் மட்டும் அழுத்தினால் அந்த இடத்தை அவர்களே விரித்துத் தருவார்கள். பல பூட்ஸ்களைச் சூடாக்கிக் காலுக்கேற்ப வார்க்கவும் முடியும். வீட்டு அடுப்பில் நீங்களாக முயலாதீர்கள், பசை விட்டுப்போகும்.

தளத்துக்கு வெளியேயும், சாதாரணக் குளிரிலேயே விரல்கள் வெளுத்து, பின் நீலம் பாய்கிறதா? அது பூட்ஸ் விவகாரமாக இல்லாமலும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்த காலை மட்டும் கொதிக்கும் நீரில் வைக்க வேண்டாம். உலர்ந்த காலுறை, கொஞ்சம் நடை. சில நிமிடத்தில் விரல்கள் ஊசி குத்துவது போல உயிர் பெற்றுவிடும்.