காட்டுக் கனியும் கூட்டுக் கிளியும்

ஒரு திங்கட்கிழமை காலை, என் மாணவன் ஒருவன் துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். முந்தைய நாள் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போனவன், கச்சிராயபாளையம் வழியாகத் திரும்பும்போது வேலியோரங்களில் பறித்தவை அதில் இருந்தன: சிவக்கப் பழுத்த கோவைப்பழம், மரவள்ளிக் கொழுந்து, ஒரு பிடி குன்றிமணி.

"மலையில் கிளிகள் காட்டில் கிடைப்பதைத் தின்றுதானே வாழ்கின்றன, சார்? இவற்றை என் கிளிகளுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டான்.

நல்ல வேளை, கொடுப்பதற்கு முன் கேட்டான்! பையிலிருந்த மூன்றில் ஒன்று நல்ல உணவு. மற்ற இரண்டும் நஞ்சு. அது எப்படி என்று பார்ப்போம்.

எந்தக் கிளி?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பச்சைக்கிளி, செந்தலைக்கிளி போன்ற நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவை இருக்க வேண்டிய இடம் மரம்தான். என் மாணவன் வளர்த்தவை கூண்டிலேயே பிறந்து வளர்ந்த 'லவ் பேர்ட்ஸ்'. நம் ஊர்க் கடைகளில் இப்பெயரால் விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜரிகர் என்னும் சிறு கிளிகளே. அவற்றின் தாயகம் ஆஸ்திரேலியா. அங்கே அவை புல் விதைகளைத் தின்று வாழ்கின்றன.

அலகு ஒரு பாக்குவெட்டி

கொண்டைக்குருவி கோவைப்பழத்தைத் தின்கிறது. விதையை எச்சத்தோடு வேறோர் இடத்தில் போடுகிறது. விதையைச் சுமந்து செல்வதற்குச் செடி கொடுக்கும் கூலியே பழத்தின் சதை. ஆனால் விதை செடியின் குழந்தை அல்லவா? அதைக் கடித்துத் தின்ன வருபவரைத் தடுக்கப் பல செடிகள் விதைக்குள் நஞ்சை வைத்திருக்கின்றன.

கிளியோ விதையை உடைத்துத் தின்னும் பறவை. பாக்குவெட்டியில் பாக்கைக் கீலுக்கு அருகில் வைத்தால் எளிதில் வெட்டுப்படுகிறது. நுனியில் வைத்தால் வெட்டுவது கடினம். கிளியின் அலகு குட்டையானது. எனவே விதை தாடையின் மூட்டுக்கு அருகிலேயே அமைகிறது. விசை மிகுதியாகக் கிடைக்கிறது. குன்றிமணி முழுதாக விழுங்கப்பட்டால் அதன் கெட்டியான ஓடு உடையாமல் வெளியேறிவிடக்கூடும். உடைபட்டால் உள்ளிருக்கும் ஏப்ரின் என்ற கொடிய நஞ்சு வெளிப்படும். ஆகவே, ஒரு குருவி தின்னும் பழம் கிளிக்கும் ஆகும் என்று சொல்ல முடியாது.

மரவள்ளியின் கதையும் இதைப் போன்றதே. அதன் இலையிலும் கிழங்கிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அதைச் சிதைக்கும் நொதி திசுவில் தனியே இருக்கிறது. இலையைக் கடித்தால் இரண்டும் கலந்து, இறுதியில் ஹைட்ரஜன் சயனைடு உண்டாகிறது. இது ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும் பொருள். நாம் கிழங்கைத் தோலுரித்து வேகவைப்பதால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. கிளிக்குச் சமைத்துக் கொடுப்பவர் யார்?

ஒரு சிறு கணக்கு

பட்ஜரிகரின் எடை சுமார் 30 கிராம். அது 5 கிராம் பழம் தின்றால், தன் எடையில் ஆறில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது என்று பொருள். 60 கிலோ மனிதர் அதே விகிதத்தில் தின்ன வேண்டுமானால் 10 கிலோ தின்ன வேண்டும்! "ஒரு துண்டுதானே" என்று நாம் நினைப்பது கிளிக்கு ஒரு மூட்டை.

நாம் உண்பதும் இதற்குச் சான்றாகாது. நமக்குச் சத்துள்ள வெண்ணெய்ப்பழத்தில் (அவகாடோ) பெர்சின் என்ற பொருள் உண்டு. அது பறவைகளின் இதயத் தசையைப் பாதித்து உயிரையே பறிக்கக்கூடும்.

காட்டுக்கிளிக்கு உள்ள வசதி

காட்டுக்கிளி நாள்தோறும் பல மரங்களை நாடிப் பறக்கிறது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தின்கிறது. பெரு நாட்டில் ஆற்றங்கரைக் களிமண்ணைக் கிளிகள் கூட்டமாக வந்து கொத்தித் தின்கின்றன. ஜேம்ஸ் கிலார்டி குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், குயினிடின் என்ற ஆல்கலாய்டுடன் களிமண்ணும் உண்ட கிளிகளின் இரத்தத்தில் அப்பொருள் குறைவாகவே சேர்ந்தது தெரியவந்தது. அந்த மண்ணிலுள்ள சோடியத்திற்காகவும் கிளிகள் வருகின்றன என்று பிற ஆய்வுகள் காட்டுகின்றன. கூண்டுக்கிளிக்கோ இந்த வசதி எதுவுமில்லை. நாம் வைக்கும் கிண்ணமே அதன் காடு.

எதைக் கொடுக்கலாம்?

சூரியகாந்தி விதையை மட்டுமே கொடுத்து வளர்ப்பதும் தவறுதான். அதன் பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. உயிர்ச்சத்து ஏ, சுண்ணாம்புச் சத்து இரண்டும் குறைவு. உயிர்ச்சத்து ஏ குறைந்தால் கிளியின் வாயிலும் மூச்சுப் பாதையிலும் நோய் பற்றும். பழமும் கீரையும் தேவைப்படுவது இதனால்தான்.

கல்வராயன் மலையில் விளையும் தினையும் சாமையும் பட்ஜரிகருக்கு ஏற்ற தானியங்கள். பழுத்த கோவைப்பழம், கொய்யா, கொடுக்காப்புளியின் சதை, முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சிறிதளவு கொடுக்கலாம். அரளி, ஆமணக்கு, குன்றிமணி, உண்ணிச்செடி ஆகியவற்றை அருகிலும் கொண்டுவரக் கூடாது. அரளிக் கிளையைக் கிளி உட்காரும் குச்சியாகக்கூட வைக்கக் கூடாது. பூச்சிமருந்து தெளித்த வயலோரத்திலும் வண்டிப்புகை படியும் சாலையோரத்திலும் பறிக்க வேண்டாம். காப்புக்காட்டில் பறிக்கவே கூடாது. அது காட்டுக்கிளியின் சாப்பாடு. நன்றாகக் கழுவி, ஒரு நேரத்தில் ஒரு புதிய உணவை மட்டும் கொடுங்கள். மாலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பெயர் தெரியாத எதையும் கொடுக்காதீர்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் பச்சைக்கிளிகள் வரும் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். காலையில் அரை மணி நேரம் எட்ட நின்று கவனியுங்கள். அவை போன பிறகு கீழே விழுந்து கிடப்பவற்றைப் பாருங்கள். சதை மிஞ்சியிருக்கிறதா, விதை மிஞ்சியிருக்கிறதா? தேதியோடு குறித்து வாருங்கள்.

என் மாணவன் அன்று கோவைப்பழத்தை மட்டும் வீட்டிற்கு எடுத்துச் சென்றான். அதையும் நன்றாகக் கழுவிய பிறகே கொடுத்தான்.