இரட்சணிய யாத்திரிகத்தில் பிழையும் பராமரிப்பும்

எச்.ஏ. கிருட்டிணப் பிள்ளை (1827-1900) இயற்றி 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடை உருவகக் கதையைத் தழுவிய காப்பியமாகும். ஐந்து பருவங்களால் ஆகிய இந்நூலின் செய்யுள் நயத்தையும் கம்பர் நெறியின் தாக்கத்தையும் நாம் பெரிதும் எடுத்துரைக்கிறோம். ஆயின், பிழைபடும் மனிதனை இறைவன் எங்ஙனம் நடத்துகிறான் என்னும் வினாவே இக்கதையின் உயிர்நாடி எனலாம். அதனை ஈண்டு நோக்குவோம்.

அழிவின் நகரை விட்டு விண்ணக நகரை நாடும் யாத்திரிகன் குறையற்றவன் அல்லன். பனியனின் கதையில் அவன் அடுத்தடுத்துத் தவறுகிறான். அச்சமிகுதியால் படிக்கற்களைக் காணாது சேற்றில் வீழ்கிறான். ஒருவன் கைகொடுத்துக் கரையேற்றுகிறான். உலகியல் அறிஞன் ஒருவன் சொல்லை நம்பித் திசை மாறுகிறான். முதலில் வழிகாட்டியவரே மீண்டும் வந்து கடிந்து திருத்துகிறார். மலைச்சாரலில் உறங்கித் தன் சான்றுச் சுருளை இழக்கிறான். வந்த வழியே வருந்தித் திரும்பி அதனை மீட்கிறான். ஆகவே பராமரிப்பு என்பது தவறின் விளைவை நீக்கிவிடுவதன்று. தவறியவன் திரும்புவதற்கு வழியை அடைக்காதிருப்பதே எனக் கொள்ளலாம்.

இதனைத் தெளிவுறக் காட்டுவது ஐயக்கோட்டை நிகழ்ச்சியாகும். எளிய பாதையை விரும்பித் தோழனையும் உடன் அழைத்துச் சென்ற யாத்திரிகன், அவநம்பிக்கை என்னும் அரக்கனின் சிறையில் அகப்படுகிறான். உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு அரக்கன் தூண்டுகிறான். பிழையான வழியில் இழுத்து வரப்பட்ட அத்தோழனே அவனைத் தேற்றித் தடுக்கிறான். இரவெல்லாம் இறைவனை வேண்டிய பின்னரே, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்தமை யாத்திரிகனின் நினைவுக்கு வருகிறது. உதவி புதிதாக வரவில்லை. முன்னரே தரப்பட்டிருந்ததை அவன் மறந்திருந்தான்.

வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருட்டிணப் பிள்ளைக்கு, தன் சிறுமையை இறைவன்முன் உரைக்கும் நைச்சியம் என்னும் பத்திமரபு அயலானதன்று. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாயால் கவ்விச் செல்லப்படும் பூனைக்குட்டி என வைணவர் உரைக்கும் இரு உவமைகளையும் இங்கு ஒப்புநோக்கலாம். யாத்திரிகன் தன் கால்களாலேயே நடக்கிறான். எனினும் திறவுகோல் அவன் செய்ததன்று. பனியனின் கதைப்போக்கில் இல்லாத இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரித்துரைத்ததன் வாயிலாக, அவ்வாக்குறுதி எவ்விலை கொடுத்துப் பெறப்பட்டது என்பதையும் கவிஞர் உணர்த்துகிறார்.

சிறை நீங்கியோர், பின்வருவோர் ஏமாறாதிருக்க, தாம் வழிதவறிய இடத்திலேயே எச்சரிக்கைத் தூண் ஒன்றை நாட்டிச் செல்கின்றனர். பிழை மறைக்கப்படவில்லை, பிறர்க்கு வழிகாட்டியாகிறது. தவறிய மாணவரை நாள்தோறும் எதிர்கொள்ளும் ஆசிரியர்களாகிய நாம் இக்காப்பியத்தைக் கற்பிக்கையில், அணிநலன்களோடு இவ்வுண்மையையும் எடுத்துரைத்தல் தகும்.