கடன் வாங்கிய கதையும் ஒரு பையனின் உழைப்பும்

"அப்பா, இதைப் படிச்சுப் பாருங்க" என்று என் மகள் ஒரு தடித்த ஆங்கில நாவலை என் ஆபீஸ் பையில் வைத்தாள். சுமார் 500 பக்கம். அட்டையில் ஒரு நீல நிற டிராகன். செம்பூரில் ரயில் ஏறினால் சி.எஸ்.எம்.டி. வந்து சேரும் வரை அதுதான் என் துணை. முடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

நாவலின் பெயர் 'எரகன்'. எழுதியவர் கிறிஸ்டோபர் பாவ்லினி என்ற அமெரிக்கர். பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

கதை என்ன?

அலகேசியா என்ற கற்பனை நாடு. அதை ஆள்பவன் ஒரு கொடுங்கோலன். மலையோரக் கிராமம் ஒன்றில் தாய்மாமன் வீட்டில் வளரும் 15 வயது ஏழைப் பையன் எரகன். வேட்டைக்குப் போன இடத்தில் அவனுக்கு ஒரு நீலக் கல் கிடைக்கிறது. அதைக் கொடுத்து வீட்டுக்கு இறைச்சி வாங்கலாம் என்று போகிறான். கசாப்புக் கடைக்காரன் மறுத்து விடுகிறான்.

அது கல் அல்ல, முட்டை! அதிலிருந்து டிராகன் குட்டி வெளிவருகிறது. சபீரா என்று அதற்குப் பெயர் வைத்து ரகசியமாக வளர்க்கிறான். மன்னனின் ஆட்கள் தேடி வந்து வீட்டை நாசம் செய்கிறார்கள். மாமன் இறந்து போகிறார். ஊரில் கதை சொல்லும் பிராம் என்ற கிழவருடன், பழிவாங்கும் வெறியோடு எரகன் புறப்படுகிறான்.

எங்கேயோ பார்த்த முகம்

விறுவிறுப்பு இருக்கிறது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் பழைய முகங்கள். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படம் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். உறவினர் பண்ணையில் வளரும் அநாதைப் பையன், உறவினரைப் பறிகொடுப்பது, வாளைக் கையில் தரும் கிழவர், பாதி வழியில் அவர் மரணம், சிறையிலுள்ள பெண்ணை மீட்பது என்று எல்லாமே அந்தப் படத்தில் உண்டு. குள்ளர்களும் எல்ஃப்களும் டோல்கீன் 1954-55-ல் வெளியிட்ட நாவலை நினைவூட்டுகிறார்கள். ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவன் அதை ஆளலாம் என்ற மந்திர விதியை உர்சுலா லெ குவின் 1968-லேயே எழுதி விட்டார்.

நடையிலும் குறை உண்டு. குதிரைப் பயணமும் மலை வர்ணனையும் முடிவில்லாமல் நீள்கின்றன.

"எல்லாம் காப்பி அடிச்சதும்மா" என்று மகளிடம் சொன்னேன். அவள் முகம் சுண்டி விட்டது. பதில் பேசாமல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

இரவில் என் மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். "அவளும் ஒரு நோட்டுல கதை எழுதிக்கிட்டிருக்கா. அதை உங்ககிட்டே காட்டத்தான் முதல்லே இந்தப் புஸ்தகத்தைக் கொடுத்தா."

எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பதினைந்து வயதில்...

பாவ்லினி இந்த நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. மொண்டானா மாநிலத்தில் வீட்டிலேயே படித்த பையன். 2002-ல் பெற்றோரே சொந்தச் செலவில் நாவலை அச்சிட்டார்கள். பையன் பழங்கால உடை அணிந்துகொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, நூலகம் நூலகமாகப் போய்ப் பேசிப் புத்தகம் விற்றான். கார்ல் ஹையாசென் என்ற எழுத்தாளரின் மனைவிக்குப் பிறந்த சிறுவன் அதைப் படித்து ரசிக்க, அவர் வழியாகச் செய்தி பெரிய பதிப்பகத்துக்குப் போயிற்று. 2003-ல் நாஃப் நிறுவனம் வெளியிட்டது. 2006-ல் படமாகவும் வந்தது.

அந்த வயதில் ஒருவனிடம் வேறு என்ன இருக்கும்? படித்த கதைகளும் பார்த்த படங்களும்தானே!

சொந்தச் சரக்கு

இரண்டாம் முறை புரட்டியபோது, முதலில் நான் கவனிக்காமல் விட்டவை தென்பட்டன.

இந்தக் கதையில் மந்திரம் இனாமாகக் கிடைப்பதில்லை. ஒரு வேலையைக் கையால் செய்ய எவ்வளவு சக்தி வேண்டுமோ, அவ்வளவையும் மந்திரம் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். சொல் பிழைத்தாலும் ஆபத்து. ஒரு குழந்தையை எரகன் பழைய மொழியில் ஆசீர்வதிக்கிறான். 'துன்பத்திலிருந்து காக்கப்படுவாய்' என்று சொல்ல நினைத்தவன், இலக்கணம் தவறி 'துன்பத்துக்குக் கேடயமாய் இருப்பாய்' என்று சொல்லி விடுகிறான். பிறர் துன்பத்தையெல்லாம் அந்தக் குழந்தை சுமக்க நேர்கிறது. இது 2005-ல் வந்த அடுத்த பாகத்தில்தான் தெரிய வருகிறது. ஒரு எழுத்து தவறினால் ஃபைல் என்ன பாடுபடும் என்று குமாஸ்தாவான எனக்குத் தெரியும்.

இன்னொரு இடம். தெய்ர்ம் என்ற துறைமுக நகரில் பழைய கணக்கேடுகளைத் தேட வேண்டியிருக்கிறது. டிராகன் மேல் பறக்கும் வீரனுக்குப் படிக்கத் தெரியவில்லை! பிராம் உட்கார்த்தி வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்.

அங்கே நான் புத்தகத்தை மூடி விட்டேன். 1990-ல் பம்பாய்க்கு வந்தபோது பஸ்ஸின் முகப்பில் எழுதியிருந்த தேவநாகரி எண் எனக்குப் படிக்கத் தெரியாது. பி.காம். பட்டதாரி, தவறான பஸ்ஸில் ஏறி இறங்கி நடந்தேன். எங்கள் சந்தில் இஸ்திரி போட்ட ஒரு பெரியவர்தான் கரித்துண்டால் பலகையில் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்பது வரை சொல்லிக் கொடுத்தார்.

இப்போது கேட்டால்...

நாவலின் எலும்புக்கூடு கடன்தான். அதை இப்போதும் மறுக்க மாட்டேன். நாற்பது வயதுக்காரர் எழுதியிருந்தால் மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் ஒரு பையன் 500 பக்கம் உட்கார்ந்து எழுதி முடித்தான் என்பதை ஒரே வார்த்தையில் தள்ளியது என் தவறு.

இதை மகளிடமும் சொன்னேன். நோட்டைக் காட்டும்படி கேட்டேன். "முடியட்டும், தர்றேன்" என்றாள். அவள் எழுதுவது ஆங்கிலத்தில். என்னுடையதோ ஆபீஸ் கடித ஆங்கிலம். இருந்தாலும் படிப்பேன். காத்துக்கொண்டிருக்கிறேன்.